பதினேழாம் கேள்வியும் வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியும்

எங்கள் ஆய்வுப் பிரிவின் வீட்டுப் படிவத்தில் பதினேழாவதாக ஒரு கேள்வி இருக்கிறது. 'இந்த வீட்டில் சாம்பிராணி போடுவீர்களா? எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எந்த இடத்தில்?' புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் இதைப் படித்ததும் சிரிப்பார்கள். போன மாதம் நான் ஓய்வு பெற்றபோது, என் இடத்துக்கு வந்த தர்ஷினியும் சிரித்தாள்.

"அக்கா, நாம எல்லை தாண்டி வர்ற புகைய ஆராய்ச்சி பண்றோமா, இல்ல சாமி ரூம ஆராய்ச்சி பண்றோமா? யாருக்கா இந்தக் கேள்வியப் போட்டது?"

"நான்தான்."

"எதுக்கு?"

"அது பெரிய கத லா."

"அப்போ எழுதிக் குடுங்க. இல்லன்னா இந்தக் கேள்விய நான் எடுத்துருவேன்."

அவள் எடுத்தாலும் எடுத்துவிடுவாள். அந்தப் பயத்தில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் மலேசியாவில், கெடா மாநிலத்தின் புக்கிட் செலம்பாவ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். பள்ளிக்கூடம் முடித்ததும் தோட்டத்துத் தொழிற்சாலையில் ரப்பர் பாலைச் சோதிக்கும் அறையில் வேலை கிடைத்தது. பாலை நிறுப்பது, காய வைப்பது, மறுபடி நிறுப்பது, எழுதுவது, இவ்வளவுதான். தோட்டம் செம்பனைக்கு மாறித் தொழிற்சாலையை மூடியபோது, சுங்கை பட்டாணியில் காற்றுத் தூய்மைக்கேட்டை ஆராயும் பிரிவு ஒன்று ஆள் தேடியது. நிறுக்கத் தெரியவேண்டும், தமிழும் மலாயும் பேசவேண்டும், மோட்டார் ஓட்டவேண்டும் என்றார்கள். மூன்றும் எனக்கு வரும். இரண்டு மாதப் பயிற்சியில் மற்றதைச் சொல்லிக்கொடுத்தார்கள்.

ஆண்டின் தொடக்கத்தில், வறண்ட மாதங்களில், எங்களுக்கு வடக்கிலிருந்து புகை வரும். தாய்லாந்து எல்லைக்கு அந்தப் பக்கம் வயலும் காடும் எரிவதால் வருவது அது. ஆண்டின் நடுவில் தென்மேற்கிலிருந்து கடலைத் தாண்டி இன்னொரு புகை வரும். இரண்டையும் நாங்கள் ஜெரெபு என்றுதான் சொல்வோம். எங்கள் காற்றில் வெளியிலிருந்து வந்தது எவ்வளவு, நாமே போட்டுக்கொண்டது எவ்வளவு, அது மனிதர்களின் நெஞ்சுக்குள் போய் என்ன செய்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் எங்கள் ஆராய்ச்சி.

அதற்கு இரண்டு வேலைகள். ஒன்று, காற்றை இழுக்கும் மெஷின். ஓர் ஆள் உயரத்துக்கு இரும்புக் காலில் நிற்கும், தலையில் தொப்பி மாதிரி ஒரு மூடி. அதற்குள் வட்டமான வெள்ளை ஃபில்டர் தாள் ஒன்று வைப்போம். இருபத்துநாலு மணி நேரம் காற்றை இழுத்தபின் தாளில் படிந்ததை நிறுத்துப் பார்ப்போம். இன்னொன்று, சுற்றுவட்டார வீடுகளில் இருப்பவர்கள் தினமும் காலையில் ஊதும் மீட்டர். கைப்பிடி அளவு பிளாஸ்டிக் குழாய். மூச்சை முழுதாக இழுத்து ஒரே ஊதாக ஊதினால் உள்ளே இருக்கும் சிவப்பு முள் மேலே ஓடும். பச்சையில் நின்றால் நலம், மஞ்சளில் நின்றால் கவனம், சிவப்பில் நின்றால் கிளினிக்குக்கு ஓடவேண்டும்.

ஃபில்டர் தாளைக் கையால் தொடக்கூடாது. இடுக்கியால், அதுவும் ஓரத்தில் மட்டும்தான் பிடிக்கவேண்டும். மெஷினுக்கு முன்னால் நிற்கும்போது காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் நம் உடம்பு இருக்கக்கூடாது. அன்று காலை முகத்தில் பவுடர் போட்டிருக்கக்கூடாது. எடுத்த தாளைச் சிமிழில் மூடி, அறைக்குக் கொண்டுவந்து, குளிர்ந்த அறையில் ஒரு நாள் கிடத்தி, ஈரம் சமமானபிறகுதான் நிறுக்கவேண்டும். கூடவே ஒரு 'சும்மா தாள்' உண்டு. அது என்னோடு மோட்டாரில் வரும், மெஷின் வரை போகும், திறந்து மூடுவேன், காற்று இழுக்காமலே திரும்பி வரும். அதன் எடை கூடியிருந்தால் தப்பு காற்றில் இல்லை, என்னிடம்தான்.

இதையெல்லாம் எனக்குப் பழக்கியவர் டாக்டர் ரொஹானி. எங்கள் பிரிவின் தலைவர். என்னைவிட இளையவர் என்பதால் என்னைக் கக், அதாவது அக்கா, என்று அழைப்பார். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. தப்பு என்று ஒருபோதும் சொல்லமாட்டார். 'இன்னொருமுறை பாருங்கள், கக்' என்பார். அதைக் கேட்டால் முதல் வரியிலிருந்து மறுபடி பார்ப்பேன். பேனாவைத் தொடமாட்டார், பென்சில்தான். பிளேடால் சீவிச் சீவி ஊசியாக வைத்திருப்பார். மழையில் நனைந்தாலும் பென்சில் எழுத்து ஓடாதாம். அவர் அடிக்கடி சொல்வது ஒன்றே ஒன்று: "துலிஸ் டூலு, ஃபிகிர் கெமுடியான்." முதலில் எழுது, பிறகு யோசி. யோசித்துவிட்டு எழுதினால் நமக்குச் சாதகமானது மட்டும்தான் தாளில் ஏறும் என்பது அவர் கணக்கு.

புக்கிட் செலம்பாவில் மெஷினை நிறுத்த இடம் தேடியபோது லெட்சுமி அக்காவின் பின்வாசல் பொருத்தமாக இருந்தது. சுற்றிலும் மரம் இல்லை, சாலை தள்ளி. அக்கா கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் கல்யாணமாகிப் போய்விட்டார்கள், வீட்டுக்காரரும் இல்லை. லேசான ஆஸ்துமா இருந்ததால் ஊதும் மீட்டர் குழுவிலும் அவரைச் சேர்த்தோம்.

மெஷினை நிறுத்திய அன்று ஆட்களெல்லாம் போனபிறகு நானும் அக்காவும்தான் நின்றோம். புது சாமான். பழக்க தோஷம் யாரை விட்டது? என் மோட்டார் வாங்கியபோது என்ன செய்தேனோ அதையே செய்தேன். மெஷினின் காலில் சந்தனம் தடவி ஒரு குங்குமப் பொட்டு வைத்தேன். வைத்துவிட்டு, "அக்கா, இத உங்க பிள்ள மாதிரி பாத்துக்குங்க" என்றும் சொல்லிவிட்டுப் போனேன். பயிற்சியில் இரண்டு மாதம் படித்த எதுவும் அந்த நேரத்தில் என் நினைவுக்கு வரவில்லை.

அந்த ஆண்டு ஜெரெபு கடுமையாக வந்தது. எதிரே இருக்கும் குன்று காணாமல் போனது. ஃபில்டர் தாள் காலையில் காப்பித்தூள் நிறத்தில் வந்தது. குழுவில் இருந்த எல்லார் முள்ளும் இறங்கியது, லெட்சுமி அக்காவுக்கு மற்றவர்களைவிட அதிகமாக இறங்கியது. இரண்டு முறை கிளினிக்கில் மருந்துப் புகை வைத்து மூச்சைச் சரிசெய்தார்கள். பிறகு காற்றுத் திரும்பி மழை பெய்தது. குன்று தெரிந்தது. எல்லார் முள்ளும் பச்சைக்கு ஏறியது. அக்காவின் முள் மட்டும் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது.

"ஜெரெபு போயிருச்சு, என் நெஞ்ச விட்டுப் போகல வசந்தா," என்பார். "வேலைய விட்டுறலாம்னு பாக்குறேன். மாடிப்படி ஏறவே முடியல."

கிளினிக்கில் அவருக்கு மருந்தைக் கூட்டப் போவதாகச் சொல்லியிருந்தார்கள். அந்த மாத்திரை சாப்பிட்டால் சர்க்கரை ஏறும், அக்காவுக்கு ஏற்கெனவே சர்க்கரை. அதற்குமேல் என்ன செய்வது என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

அதே சமயத்தில்தான் டாக்டர் ரொஹானி நாட்காட்டியை என் முன்னால் வைத்தார். ஜெரெபு இல்லாத வாரங்களில் ஒரே ஒரு தாள் மட்டும் கறுத்து வந்துகொண்டிருந்தது. வெள்ளி காலை எட்டு மணிக்கு வைத்துச் சனி காலை எடுக்கும் தாள்.

"எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து வரும் புகைக்கு வெள்ளி எது சனி எது என்று தெரியாது, கக்," என்றார் மலாயில். "இன்னொருமுறை பாருங்கள்."

பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது, அதாவது புரிந்துவிட்டதாக நினைத்தேன். கெடாவில் வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை. விடுமுறையில் வீட்டில் இருப்பவர்கள் தோட்டம் கூட்டிச் சருகை எரிப்பார்கள். லெட்சுமி அக்காவின் வேலிக்கு அந்தப் பக்கம் பாக்சிக் மான் என்ற மலாய்க்காரர் இருக்கிறார்; பாக்சிக் என்றால் மாமா. அவருடைய அப்பா தோட்டத்தில் காவல்காரராக இருந்ததால் எங்களோடு வளர்ந்து, எங்களைவிட நன்றாகத் தமிழ் பேசுபவர். ரம்புத்தான் மரம் நாலு வைத்திருக்கிறார். நெருப்பில்லாமல் புகையாது, நெருப்பு வேறு யாரிடம் இருக்கும் என்று முடிவு கட்டிவிட்டேன். அடுத்த வெள்ளி காலை நேராகப் போய் அவர் வாசலில் நின்றேன்.

"பாக்சிக், நீங்க வெள்ளிக்கிழம சருகு எரிக்கிறதால எங்க ஆராய்ச்சியே கெட்டுப்போகுது. அக்காவுக்கு மூச்சு வாங்குறது உங்களுக்குத் தெரியாதா?"

அவர் காப்பிக் குவளையைக் கீழே வைத்தார். "நான் எரிக்கிறேன்னு யார் சொன்னா?"

"தாளு சொல்லுது."

"தாளு என் பேரச் சொல்லுச்சா? தாய்லாந்துல இருந்து வர்ற புகைக்கு புக்கிட் காயு ஹீத்தாம் எல்லைச் சாவடியில பாஸ்போர்ட்டுக்கு மாதிரி சாப்பு அடிச்சு அனுப்புறாங்களா, என் புகையில மட்டும் என் பேரு இருக்க?" அவர் கத்தவில்லை. ஆனால் முகம் சிவந்துவிட்டது. "அந்தம்மா இருமுறது எனக்கும் கேக்குது. போன வருஷமே குப்பைய லோரியில ஏத்தி அனுப்ப ஆரம்பிச்சிட்டேன். போ, போய் வேற வீட்டப் பாரு."

நான் நம்பவில்லை. கையும் களவுமாகப் பிடித்துக்காட்டுகிறேன் என்று கறுவிக்கொண்டு, அன்று மாலையே திரும்பிப் போனேன். நான் எப்போதும் காலையில் மட்டுமே அந்த வீட்டுக்குப் போகிறவள், மாலையில் ஒருநாளும் போனதில்லை. மோட்டாரைத் தள்ளி நிறுத்திவிட்டு, அக்காவின் வாழைமரத்துக்குப் பின்னால் திருடி மாதிரி நின்றேன். பாக்சிக் மான் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, சூராவுக்குத் தொழப் புறப்பட்டுப் போனார். அவர் வாசலில் ஒரு பொறிகூட இல்லை.

அப்போது லெட்சுமி அக்காவின் அடுப்படிக் கதவு திறந்தது. ஈரத்தலையோடு அக்கா வந்தார். கையில் தூபக்கால். சிரட்டைக் கரி கனன்றுகொண்டிருந்தது. வாசலுக்குக் காட்டினார், தன் மோட்டாருக்குக் காட்டினார், பிறகு நேராக எங்கள் மெஷினிடம் வந்தார். குனிந்து கரியை வாயால் ஊதினார், இருமினார், மறுபடி ஊதினார். ஒரு கை சாம்பிராணியை அள்ளிப் போட்டு, குப்பென்று எழுந்த புகையை மெஷினின் தலைக்கு மூன்று சுற்றுச் சுற்றினார். மிச்சத்தை முறத்தால் மூடிக்குள் விசிறியும் விட்டார்.

"அக்கா, என்னக்கா பண்றீங்க?" என்று வாழைமரத்துக்குப் பின்னாலிருந்து வந்தேன்.

"அடியே, பயந்துட்டேன். என்ன பண்றேனா, சாம்பிராணி காட்டுறேன். நீதானே பிள்ள மாதிரி பாத்துக்கன்னு சொன்ன."

"எப்போலருந்து?"

"நீ பொட்டு வச்சியே, அந்த வாரத்துலருந்து. ஒரு வெள்ளி தப்புனதில்ல." மூச்சு வாங்கியது, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "முன்னெல்லாம் ரெண்டு ஊதுவத்தியோட விட்டுருவேன். இது கவர்மெண்டு சாமான், சும்மா ஊதுவத்தி காட்டுனா நல்லாவா இருக்கும்?"

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பழியைப் பாக்சிக் மான் வாசலில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, பாவத்தை நான் பொட்டு வைத்த நாளிலிருந்து சுமந்திருக்கிறேன்.

அங்கே நின்றபடியே எனக்கு ஒரு யோசனை வந்தது, அதை மறைக்கமாட்டேன். அக்காவிடம் 'இனிமேல் காட்டாதீங்க' என்று சொன்னால் போதும். வெள்ளித் தாள் வெளுத்துவிடும். பாக்சிக்கிடம் சொல்லி நிறுத்தினேன் என்று டாக்டரிடம் சொல்லிக்கொள்ளலாம். என் பேர் கெடாது, வேலை போகாது. கேட்பதற்கு யாருமில்லை. ஆனால் அக்காவின் முள் எதனால் இறங்கியது என்று கிளினிக்குக்கு யார் சொல்வது? அவர்கள் மருந்தைக் கூட்டிவிடுவார்களே. இப்படியே நின்றால் எனக்குச் சாதகமானதைத்தான் யோசிப்பேன் என்று பட்டது. பையிலிருந்து நோட்டை எடுத்து, மெஷினின் காலில் சாய்ந்துகொண்டு பென்சிலால் எழுதினேன். வெள்ளிக்கிழமை, மாலை, சாம்பிராணி, காட்டியவர் லெட்சுமி, தொடங்கி வைத்தவர் வசந்தா. எழுதி முடித்தபின்தான் அழுகை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அலுவலகம் திறந்ததும் டாக்டர் ரொஹானியின் மேசையில் அந்த நோட்டைத் திறந்து வைத்தேன். பொட்டு என்றால் என்ன, சாம்பிராணி என்றால் என்ன, பிள்ளை மாதிரி என்றால் என்ன என்று மலாயில் விளக்கினேன். விளக்க விளக்க எனக்கே வெட்கமாக இருந்தது. அவர் பென்சிலைச் சீவினார். சீவி முடித்தபின் கேட்டார், எத்தனை நிமிடம், மூடியிலிருந்து எவ்வளவு தூரம், கரி எங்கே எரிந்தது, யார் ஊதினார்?

"லெட்சுமி அக்கா. வாயால் ஊதுவார்."

பென்சில் நின்றது. "அவர் ஊதிய கணக்குத் தாளை எடுங்கள்."

அறை மேசையில் ஒரு பக்கம் வெள்ளித் தாள்களையெல்லாம் வரிசையாக வைத்தார். அவற்றுக்குக் கீழே லெட்சுமி அக்கா தினமும் ஊதிய கணக்கை விரித்தார். நான் வாரக்கணக்காக ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது என்று எழுதிக்கொண்டிருந்தேனே, அது அப்படி இல்லை. ஒவ்வொரு சனிக்கிழமை காலையும் இறங்கியிருந்தது. பிறகு நாளுக்கு நாள் ஏறி, வியாழன் வாக்கில் பச்சையைத் தொடும் நேரத்தில் மறுபடி வெள்ளி வந்திருக்கிறது.

"டாக்டர், அவருக்கு நோயைக் கொடுத்தது நான்," என்றேன். அந்த வார்த்தை எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை.

"நோய் முன்பே இருந்தது. ஜெரெபு அதைக் கிளறியது. இது ஆறவிடாமல் வைத்திருந்தது," என்றார் மெதுவாக. "நீங்கள் பேசாமல் இருந்திருந்தால் மருந்தைக் கூட்டியிருப்பார்கள், கக். நான் இப்போதே கிளினிக்குக்குச் சொல்கிறேன்."

பிறகு ஆராய்ச்சியின் கதி. வெள்ளித் தாள்களை அவர் தூக்கி எறியவில்லை. தனி உறையில் போட்டு, ஏன் தனியாக இருக்கின்றன என்று உறைமேல் எழுதினார். மிச்சத் தாள்களை மட்டும் வைத்து, காற்று எந்தத் திசையிலிருந்து வந்தது என்ற பதிவோடு சேர்த்து முதலிலிருந்து பார்த்தோம். அந்த நாலு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. என்னால் மற்றவர்களின் உழைப்பெல்லாம் வீணாகியிருக்குமோ என்ற நினைப்புத்தான். ஐந்தாம் நாள் டாக்டர் என்னைக் கூப்பிட்டு, நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரச் சொன்னார். வெள்ளியை விட்டாலும் கதை மாறவில்லை. எல்லை தாண்டிய காற்று வந்த நாட்களில் தாள் கறுத்திருந்தது, எல்லா வீட்டு முள்ளும் இறங்கியிருந்தது. ஆராய்ச்சி பிழைத்தது. ஸ்ஸப்பா என்று நான் விட்ட மூச்சுக்கு மீட்டர் வைத்திருந்தால் முள் உச்சிக்குப் போயிருக்கும்.

லெட்சுமி அக்காவிடம் சொல்வது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. முழுக்கக் கேட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்போ நான் சாமி கும்பிட்டது தப்பா?"

"இல்லக்கா. தப்பு என்னோடது. மெஷினுக்குப் பொட்டு வச்சவ நானு."

அக்கா அம்மன் படத்தைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார். "இந்தச் சின்ன வீட்டுக்குள்ள அவ்வளவு புகை. அம்மனுக்கும் மூச்சு முட்டிருக்கும் லா," என்றார். "சரி. இனி பூவும் விளக்கும் போதும். கோவிலுக்குப் போனா அங்க இருக்கிற சாம்பிராணி போதும்."

அப்படிச் சொன்னாரே தவிர, தூபக்காலைக் கழுவித் துடைத்து அலமாரியின் மேல்தட்டில் வைக்கும்போது அவர் கண் கலங்கியதைப் பார்த்தேன்.

பாக்சிக் மானிடம் கேசரி கிண்டி எடுத்துக்கொண்டு போனேன். நான் கேட்ட மன்னிப்பையும் ஏற்றுக்கொண்டு, கேசரியையும் வாங்கிக்கொண்டார். அதன்பிறகு நான் ஓய்வு பெறும்வரை, என் மோட்டார் சத்தம் கேட்டாலே வேலியோரம் வந்து, "வசந்தா, இன்னைக்கு ரொக்கோ பத்த வைக்க சூராட் வேணுமா?" என்று கேட்பார். சிகரெட் பற்றவைக்க என்னிடம் அனுமதிக் கடிதம் வேண்டுமாம். அந்தக் கேலி எனக்கு வேண்டியதுதான்.

அடுத்த சனிக்கிழமை காலை நான் தாளை எடுக்கப் போனேன். வெள்ளையாக இருந்தது. அதைச் சிமிழில் மூடிவிட்டு அக்காவை ஊதச் சொன்னேன். மஞ்சள். அதற்கடுத்த சனி, மஞ்சளின் மேல்நுனி. நாலாவது சனி, முள் பச்சைக்குள் போய் நின்றது. எனக்கு நம்பிக்கை வராமல் மூன்று முறை ஊதச் சொன்னேன். மூன்றும் பச்சை. அக்கா வேலையை விடவில்லை. மாத்திரையும் கூடவில்லை. அடுத்த ஜெரெபு வந்தபோது மறுபடி சிரமப்பட்டார், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் ஜெரெபு போனதும் அவர் நெஞ்சும் தெளிந்தது. அந்த மாதத்தில்தான் படிவத்தில் பதினேழாம் கேள்வியை எழுதிச் சேர்த்தேன். டாக்டர் ரொஹானி அதில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை.

என் கடைசி வேலைநாளில் அந்த மெஷினைக் கழற்றினோம். வயதாகிவிட்டது, அதற்கும். புதிதாக வந்திருப்பது உள்ளங்கை அளவு வெள்ளைப் பெட்டி, அதைப் பக்கத்துத் தமிழ்ப்பள்ளியில் மாட்டிவிட்டார்கள். அது தானாகவே போனுக்குக் கணக்கு அனுப்பும். கடைசித் தாளை எடுத்து மூடி, மின் இணைப்பை உருவினேன். லோரி வர இன்னும் நேரம் இருந்தது.

"அக்கா, அந்தத் தூபக்கால் இருக்கா?"

லெட்சுமி அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இப்போவா? ஓடாத மெஷினுக்கா?"

"இனி இதுக்குத் தாள் இல்லக்கா. காட்டலாம்."

அலமாரி மேல்தட்டிலிருந்து அதை இறக்கிக்கொண்டு வந்தார். கரியை மூட்டியதும் நான் அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, தள்ளிப் போங்கள் என்றேன். அவர் கேட் வரைக்கும் போய் நின்றார். நானே குனிந்து ஊதினேன். கண்ணெல்லாம் கரித்தது.

"மூணு சுத்து," என்று கேட்டிலிருந்து குரல் வந்தது. இருமல் இல்லாத குரல். "வலமா சுத்து. உனக்கு ஒண்ணும் தெரியாது."

சுற்றி முடித்துத் தூபக்காலைக் கீழே வைத்தேன். பழக்கம் விடவில்லை. பையிலிருந்து நோட்டை எடுத்து, மெஷினின் காலில் சாய்ந்துகொண்டு, கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதினேன். சாம்பிராணி, காலை, மூன்று சுற்று. காட்டியவர் வசந்தா.